வாய் வைத்தவன் வாய்தா கேட்டது

எங்கள் கல்யாண நாள் காலையில் ஒரு பெரிய முடிவெடுத்தேன். இனிமேல் மனைவி மேல் இருக்கும் பாசத்தை வெளியே காட்டிவிடுவது என்று.

உள்ளே இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது. ஆனால் கோடவுனில் கிடக்கும் சரக்கு மாதிரி, வாசல் தாண்டி வந்ததே கிடையாது. நான் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். பெயர் பழமலைநாதன். சரக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் தொழில். தொழில் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது.

இந்த முடிவுக்குக் காரணம் பக்கத்து வீட்டு முஸ்தபா. அவர் இருப்பது குவைத்தில். ஆனாலும் தினம் சாயங்காலம் மனைவி அஜீஸாவுக்குப் போன் போட்டு, "சாப்ட்டியா? மாத்திர போட்டியா?" என்று கேட்டுவிடுவார். அஜீஸா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவருடைய பாசம் பாதி எங்கள் கூடத்தில்தான் வந்து விழும்.

"அவரு கடல் தாண்டி இருந்துகிட்டு கேக்குறாரு," என்றாள் என் மனைவி சிவசங்கரி. "நீங்க எதுருக்க ஒக்காந்துகிட்டு கேக்கல."

"எதுருக்கதான் ஒக்காந்து சாப்புடுறியே. அப்பறம் சாப்ட்டியான்னு என்னத்த கேக்குறது?"

அவள் எனக்கு வைக்க எடுத்த தோசையைத் தன் தட்டிலேயே போட்டுக்கொண்டாள்.

அதனால்தான் முடிவு. வாய்ப்புக்காகக் காத்திருந்தேன். அது ஒரு காபி கப் ரூபத்தில் வந்தது.

எங்கள் வீட்டுக் கப், தட்டு, ஊறுகாய் ஜாடி எல்லாமே கம்பெனியில் கழித்துப் போட்ட மால். ஒன்றுக்குக் காது கோணல். இன்னொன்று உட்கார வைத்தால் ஆடும். இந்த வீட்டில் முதல் தரச் சரக்கு நான் ஒருவன்தான், என் மாமனார் நன்றாகத் தட்டி ஓசை பார்த்து எடுத்தது என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். "எங்கப்பாவுக்கு அப்பவே காது மந்தம்," என்றாள்.

அன்று காலை அவள் கப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். விளிம்பில் சில்லுப் பெயர்ந்த இடம் விரலைக் கிழித்துவிட்டது. வலது கை ஆள்காட்டி விரல். "ஸ்ஸ்" என்றாள். ரத்தம் எட்டிப் பார்த்தது.

பாய்ந்தேன். கையைப் பிடித்தேன். விரலை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் வயலின் வாசிப்பார்கள். எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"என்னங்க பண்றீங்க?"

"ம்ம்ம்."

"வெரல வுடுங்க. என்ன பண்றீங்கன்னு கேக்குறன்ல?"

விரலை எடுத்துவிட்டு, "பாசம்," என்றேன்.

"வாயில என்ன வச்சிருக்கீங்க?"

வெற்றிலை. காபிக்கு முன்பே போட்டுக்கொள்ளும் முதல் செட். கூடவே துளி புகையிலை.

"ஒங்க பாசத்துல பொகையில வாசம் அடிக்குது," என்றாள்.

ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்துவிட்டேன். பல வருஷமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. அன்று முழுக்கக் கம்பெனியில் பாட்டுப் பாடிக்கொண்டே சரக்கு எண்ணினேன். எண்ணிக்கை தப்பியது. கவலைப்படவில்லை.

சிவசங்கரியும் அஜீஸாவும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள். கொலு சீசன் நெருங்கிவிட்டால் சூளையிலிருந்து வந்த வெள்ளைப் பொம்மைகள் கூடம் முழுக்க நிற்கும். புடவை, நகை எல்லாம் அஜீஸா பூசுவாள். கண் மட்டும் சிவசங்கரி. ஒரே இழுப்பு. அந்த இழுப்பில்தான் பொம்மைக்கு உயிர் வரும். அந்த இழுப்புக்கு வேண்டியது அந்த விரல்.

மறுநாள் விரல் தடித்திருந்தது. அதற்கு மறுநாள் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. ஒரு மீனாட்சிக்கு ஒற்றைக் கண் மேலே ஏறிவிட்டது. சாயங்காலம் தூரிகை கையிலிருந்து நழுவி விழுந்தது. அஜீஸா அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது.

"அக்கா, இது சரியில்ல. அண்ணே, வண்டிய எடுங்க," என்றாள்.

எடுத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவளின் கை என் தோளில் பட்டது. சட்டையைத் தாண்டிச் சுட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு லேடி டாக்டர். விரலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். முகம் மாறியது.

"இதுக்கு மேல என்னம்மா போட்ட? சுண்ணாம்பா? காபித்தூளா?"

"நான் ஒண்ணும் போடலைங்க. இவருதான் வாய வச்சாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நாய்க்கடி கேஸில் நாயைத்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

"கடிச்சிட்டாரா?"

"இல்லைங்க. பாசமாம்."

"நீங்க இங்க வாங்க. வாயத் தொறங்க."

"நான் பேஷண்ட் இல்லைங்களே..."

"தொறங்க."

திறந்தேன். டார்ச் அடித்தார். நர்ஸும் எட்டிப் பார்த்தது. வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு நின்ற ஒருவரும் கதவுச் சந்தில் பார்த்தார்.

"கடைசிப் பல்லு மொத்தமா சொத்த. ஈறெல்லாம் வீங்கிப் புண்ணா இருக்குது. இந்த வாயவா கொண்டுபோயி காயத்துல வச்சீங்க?"

என் அப்பா எனக்கு வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து இந்தச் சொத்தைதான் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். டார்ச் இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தது.

"சார், நல்லா இருக்கற வாயிலயே கிருமிங்க எக்கச்சக்கமா இருக்கும். வாயில இருக்கற வரைக்கும் அதுபாட்டுக்கு இருக்கும். காயத்துக்குள்ள போச்சுன்னா அதுங்களுக்குக் கல்யாண விருந்து. ரத்தம் வந்தா கொழாயத் தொறந்து வுட்டு சோப்பு போட்டுக் கழுவணும். சுத்தமான துணிய வச்சி அழுத்திப் புடிக்கணும். அவ்ளோதான் வேல. வாயி எதுக்கு அங்க?"

"தப்புதாங்க."

"ஒங்களுக்கும் நல்லதில்ல. ஈறு புண்ணா இருக்கறப்ப அடுத்தவங்க ரத்தம் வாயில போனா, அதுல காமாலைக் கிருமி மாதிரி எதாச்சும் இருந்தா ஒட்டிக்கும். ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடுவோம்."

அவசரமாகக் கேட்டேன். "அவ ரத்தத்துல எதாச்சும் இருக்குமுங்களா டாக்டர்?"

பதில் டாக்டரிடமிருந்து வரவில்லை. அவ்வளவு வலியிலும் சிவசங்கரிதான் சொன்னாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க குடிச்சது போவ மிச்சம் எதாச்சும் இருக்கும்."

நர்ஸ் சிரித்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. விரலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள சீழ் கோத்திருக்குது. கீறி எடுக்கணும். இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தா வெரல் மடங்காமயே போயிருக்கும். என்ன வேல பாக்குறீங்கம்மா?"

"பொம்மைக்குக் கண்ணு வரையறங்க," என்றாள். குரல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அவள் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

என்னை வெளியே போகச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்கு உள்ளே ஒரே ஒரு தடவை "அம்மா" என்று கேட்டது. சிவசங்கரி சத்தம் போடுகிறவள் இல்லை. இப்போது ஹாஸ்டலில் படிக்கும் மகனைப் பெற்ற அன்றே நர்ஸுக்கு ஆறுதல் சொன்னவள். நான் எழுந்துபோய்க் குழாயடியில் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினேன். கொப்பளித்தேன். சிவப்பு போகவில்லை. மறுபடியும் கொப்பளித்தேன். பின்னால் குடத்தோடு நின்ற அம்மா, "யப்பா, கொழாயில வேற ஆளும் தண்ணி புடிக்கணும்," என்றது.

வார்டில் சேர்த்து ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். சிவப்புக் கோடு மெல்ல இறங்கியது. ரத்தப் பரிசோதனையில் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. ஒருநாள் காலை, கட்டுக்குள் இருந்த விரல் கொஞ்சம் மடங்கியது. சிவசங்கரி அதை எனக்குக் காட்டினாள். இனி வெற்றிலையைத் தொடுவதில்லை என்று குழாயடியில் சத்தியம் செய்திருந்தேன். விரல் மடங்கிய சந்தோஷத்தில் ஒரு செட் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம், "மொதல்ல ஒங்க பல்லக் காட்டுங்க," என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் எதற்கும் பயப்படாதவன். பாம்பு, போலீஸ், ஆடிட் எதற்கும். பல் டாக்டர் போர்டைப் பார்த்தால் மட்டும் தெரு மாறிப் போய்விடுவேன். கம்பெனி முதலாளியிடமே பல்லைக் காட்டாதவன், பல் டாக்டரிடம் போய்க் காட்டுவேனா?

போன வருஷம் ஒரே ஒரு தடவை சிவசங்கரி இழுத்துக்கொண்டு போனாள். பாலக்கரையில் மாடியில் இருக்கிறது மதிவதனி டாக்டரின் கிளினிக். அந்தப் பெண் நல்ல பெண். பார்த்துவிட்டு, "ஈறு ரொம்ப வீங்கியிருக்கு சார். வெத்தல பொகையிலைய நிறுத்திட்டு உப்புத் தண்ணில கொப்பளிங்க. வீக்கம் வத்துனதும் வாங்க, புடுங்கிடலாம்," என்றது.

அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது. வீக்கம் இருக்கிற வரைக்கும் பல்லை யாரும் தொட முடியாது. வெற்றிலை போடுகிற வரைக்கும் வீக்கம் இருக்கும். அதாவது, நான் போடும் ஒவ்வொரு செட்டும் என் பல்லுக்கு நான் வாங்கும் ஒரு வாய்தா. அன்றிலிருந்து கூடுதலாகப் போட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சிவசங்கரி பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

"பல்லு என்னாச்சு?"

"ஈறு வீங்கியிருக்குதே."

"அத டாக்டரு சொல்லட்டும். சனிக்கெழம சாயங்காலம் நீங்க வருவீங்கன்னு மதிவதனி டாக்டரு கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அந்தப் பல்லு போவுற வரைக்கும் என் தட்டத் தொடக் கூடாது, என் டம்ளரத் தொடக் கூடாது. ஒங்களுக்குன்னு தனியா சன்னல்ல வச்சிருக்கேன்."

சன்னலில் இருந்தது அந்தக் காது கோணின கப்.

"போவலன்னா?"

"கொளஞ்சியப்பர் கோயில்ல ஒங்க மேல பிராது எழுதிக் கட்டிடுவேன்."

போலீஸில் பிராது கொடுத்தால் ஜாமீன் உண்டு. கொளஞ்சியப்பரிடம் கிடையாது. இதற்கு வாய்தா போதாது, கேஸையே ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். பாலக்கரைக்குப் போகவில்லை. நேராக ஜங்ஷன். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு கூட்ஸ் வண்டி போனது. காற்று நன்றாக இருந்தது. ஒரு வடை தின்றேன். இருட்டுகிற நேரத்தில் மெடிக்கலில் பஞ்சு வாங்கி, வாயில் இருந்த வெற்றிலைச் சாற்றில் நனைத்தேன். அசல் ரத்தம் தோற்றது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சிவசங்கரி வாசலில் நின்றாள்.

"புடுங்கிட்டாங்களா?"

"ம்."

"வலிச்சிதா?"

"ம்ம்ம்ம்."

ஒரு நொடி என்னையே பார்த்தாள். அப்புறம் முகம் இளகிவிட்டது.

"அய்யோ பாவமே! வாங்க, ஒக்காருங்க. பேசாதீங்க."

ஃபேனைப் போட்டாள். தலையணை வைத்தாள். கட்டுப் போட்ட கையோடு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. தலையணை மெத்தென்று இருந்ததால் வந்த வழியே போய்விட்டது.

"எங்க, காட்டுங்க பாப்போம்."

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்றேன் பஞ்சுக்கு உள்ளேயிருந்து.

"ஆமா ஆமா. தொறக்காதீங்க. காத்து போயிடும்."

முடிந்தது கேஸ் என்று நினைத்தேன். தொடங்கியதே அப்போதுதான்.

முதலில் வெற்றிலைப் பெட்டியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "புடுங்கின எடத்துல பாக்கு போயி ஒக்காந்துச்சுன்னா சீழ் புடிச்சிடும். என் வெரலப் பாத்தீங்கல்ல?"

அந்த விரலைக் காட்டினால் என்னால் என்ன பேச முடியும்?

அடுத்து உப்புத் தண்ணீர். காலையில், சாப்பிட்ட பிறகு, படுக்கும் முன். பக்கத்தில் நின்று கொப்பளிக்க வைத்தாள். "நல்லா கொடகொடன்னு. ம். இன்னொரு வாட்டி."

அதற்கடுத்து கஞ்சி. காலை கஞ்சி, மதியம் கஞ்சி, ராத்திரி வித்தியாசமாக இருக்கட்டும் என்று சூடு ஆறின கஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை அஜீஸா பிரியாணி கொண்டுவந்தாள். வாசனை அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"அண்ணனுக்குன்னு எலும்பில்லாத கறியா பாத்து எடுத்தாந்தேன். பாவம், பல்லு புடுங்கிட்டாங்களாமே?"

"அவருக்கு எதுக்குடி இப்ப கறி? கஞ்சி இருக்குது. ஒக்காரு, நம்ம சாப்புடுவோம்."

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் கோணல் காது கப்பில் கஞ்சி குடித்தேன். வரிசையாக நின்ற பொம்மைகள் எல்லாம் என்னையே பார்த்தன. சிவசங்கரி விரல் கட்டோடேயே மறுபடியும் மெதுவாகக் கண் வரையத் தொடங்கியிருந்தாள். அவள் வரைந்த கண்கள் அவளை மாதிரியேதான் பார்க்கும்.

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் பச்சமுத்து பெட்டிக்கடைக்கு ஓடினேன்.

"பச்சமுத்து, ஒரு செட்டு குடு."

"அக்கா போன் பண்ணிச்சுண்ணே. ஒங்களுக்குப் பல்லு புடுங்கியிருக்குதாம், குடுக்கக் கூடாதாம்."

"எனக்கு இல்லப்பா. ஃப்ரெண்டுக்கு."

"ஃப்ரெண்டுக்குன்னு கேட்டாலும் குடுக்கக் கூடாதாம்."

டீக்கடையில் வடையும் அப்படியே. எஸ்டேட் முழுக்க எனக்குப் பல் பிடுங்கிய செய்தி பரவியிருந்தது. பல் இருந்தும் இல்லாதவனாக அலைந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புகையிலைக்குத் தவித்த தலைவலி கொஞ்ச நாளில் போய்விட்டது. கஞ்சி கூட ருசிக்கத் தொடங்கியது. சிவசங்கரி தினம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சாப்ட்டீங்களா? கொப்பளிச்சீங்களா?" என்று கேட்டாள். முஸ்தபா தோற்றார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், அவள் விரலில் கட்டு இல்லை. தழும்பு மட்டும் கோடாகத் தெரிந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப எப்பிடி இருக்குது?"

"வலியே இல்ல சங்கரி."

"ஈறு?"

"சுத்தமா வத்திடுச்சு."

"நெசமாவா? வீக்கம் கொஞ்சம்கூட இல்லையா?"

"வேணுமின்னா நீயே பாத்துக்க," என்று பெருமையாக வாயைத் திறந்தேன்.

அவள் செல்போன் டார்ச்சை அடித்தாள். வெளிச்சம் கடைசிப் பல்லில் விழுந்ததும்தான் எனக்கு உறைத்தது. பல் அங்கே கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. வாயை மூடினால் மாட்டிக்கொள்வேன். திறந்து வைத்திருந்தாலும் மாட்டிக்கொள்வேன். நடுவில் எங்கோ நிறுத்தினேன்.

சிவசங்கரி கோபப்படவில்லை. டார்ச்சை அணைத்தாள்.

"ம். நல்லாதான் வத்தியிருக்குது. சட்டையப் போடுங்க, கெளம்பலாம்."

"எ... எங்க?"

"மதிவதனி டாக்டரு கிட்ட. அன்னிக்கு ஏன் வரலன்னு அவங்க அப்பவே போன் பண்ணிட்டாங்க. நீங்க பஞ்சோட வந்து நின்னதும் நான் திருப்பிக் கூப்புட்டேன். 'ஈறு வத்தாம புடுங்க முடியாதும்மா, வெத்தலைய விடணும், உப்புத் தண்ணி கொப்பளிக்கணும், மெத்துனு இருக்கறதா சாப்புடணும். இதெல்லாம் ஒங்க வூட்டுக்காரரு செய்வாரா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"செய்யறதுக்குத் தயாரா பஞ்சு வச்சிகிட்டு வந்திருக்காருங்கன்னு சொன்னேன்."

வண்டியை அவள்தான் ஓட்டினாள். நான் குதித்துவிடுவேன் என்று சந்தேகம் போலிருக்கிறது.

மதிவதனி டாக்டர் என் வாயைப் பார்த்து அசந்துபோனது. "சூப்பர் சார்! இவ்ளோ சுத்தமா யாரும் தயாராகி வரமாட்டாங்க. எப்பிடி சார்?" வாய் திறந்திருந்ததால் பதில் சொல்லும் அவமானம் மிச்சம். ஊசி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் கை காற்றில் எதையோ தேடியது. சிவசங்கரி பிடித்துக்கொண்டாள். அவளுடைய ஐந்து விரலும் என் கையைச் சுற்றி மடங்கின. ஆள்காட்டி விரலும் நன்றாகவே மடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ கடக்கென்றது. பல் தட்டில் விழுந்தது.

திரும்பி வரும்போது ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர். வாயில் அசல் பஞ்சு, அசல் ரத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

அஜீஸா வாசலில் நின்றிருந்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள். பஞ்சைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அன்னிக்கு நல்லா நடிச்சீங்கண்ணே. இன்னிக்குக் கொஞ்சம் ஓவரு."